நாற்பதுக்கு மேல் ஓடலாகாதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஓடுவது இளைஞர்க்கு, உட்கார்ந்து பார்ப்பது மூத்தவர்க்கு என்று நாம் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். நாற்பதைத் தாண்டிய ஒருவர் சாலையில் ஓடினால், "என்ன அவசரம்? யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கிறோம். இந்தப் பங்கீடு தவறானது என்பதே என் கருத்து. அதற்குச் சான்று தேடி இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள மலைக் கிராமங்கள் வரை போக வேண்டியிருக்கிறது. நண்பர்கள் பொறுத்தருள்க.

அங்கே ஏரி மாவட்டம் என்றொரு பகுதி. மரம் குறைந்து, புல்லும் பாறையுமாக நிற்கும் மலைகளை அவ்வூர் மக்கள் 'ஃபெல்' என்பர். ஆடு வளர்ப்பு அவர்களது பழந்தொழில். கோடையில் ஊர்த் திடலில் மல்யுத்தமும் மலையோட்டமும் நடத்துவது நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். கிராஸ்மியர் என்னும் சிற்றூரில் நடப்பதற்கு 'வழிகாட்டிகள் ஓட்டம்' என்று பெயர். பயணிகளை மலைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளால் வந்த பெயர் அது. திடலில் புறப்பட்டு, பட்டர் கிராக் என்ற பாறைமேட்டுக்கு ஏறித் திரும்ப வேண்டும். 1978-ல் ஃபிரெட் ரீவ்ஸ் என்பவர் இதை 12 நிமிடம் 21.6 வினாடியில் முடித்தார். மலைச்சரிவு திடலிலிருந்தே தெரியும் என்பதால், முதலில் வருபவர் மட்டுமல்லர், கடைசியாக வருபவரும் ஊரார் கண்ணுக்குத் தப்ப முடியாது!

பிரிட்டனின் மலையோட்டங்களில் நாற்பதைக் கடந்தவரை 'வெட்டரன்' என்கிறார்கள். 40, 50, 60, 70 என்று பிரிவுகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் தனி ஓட்டம் கிடையாது. இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் ஒரே கூட்டமாகப் புறப்படுகிறார்கள். சரிவும் சேறும் இருவருக்கும் ஒன்றே. முடிவுப் பட்டியலில்தான் வயதுப் பிரிவு வருகிறது.

இவ்வோட்டக்காரர்களில் நான் வியப்பவர் ஜாஸ் நெய்லர். வாஸ்டேல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆட்டுப் பண்ணைக்காரர். 1936-ல் பிறந்து 2024-ல் மறைந்தார். பத்தொன்பது வயதில் வலது முழங்காலின் குருத்தெலும்பு நீக்கப்பட்டது. இருபத்திரண்டில் முதுகெலும்புத் தட்டுகள் இரண்டு எடுக்கப்பட்டன. 1960-ல் தம் முதல் மலையோட்டத்தை வேலைக்கான பூட்சுடனும், முழங்காலளவு வெட்டிய கால்சட்டையுடனும் ஓடினார். 1975-ல் ஒரே நாளுக்குள் 72 சிகரங்களைத் தொட்டார். இவை இளமைச் சாதனைகள் என்பீர்கள். சரி, ஐம்பதாம் வயதில், 1986-ல், அம்மாவட்டத்தின் 214 சிகரங்களையும் 7 நாள் 1 மணி 25 நிமிடத்தில் முடித்தாரே! அதை மற்றொருவர் முந்துவதற்கு 2014 வரை, 28 ஆண்டுகள் ஆயின. எழுபதாம் வயதில் 70 சிகரங்களை 21 மணிக்குள் சுற்றி வந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. அவரும் ஆடு மேய்ப்பவர்தாம், வயது ஐம்பத்திரண்டு. நாள்தோறும் எங்கள் ஊர்க் கரட்டில் ஏறி இறங்குகிறார். கூடப் போனால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. பந்தயத்தில் ஓடுவீர்களா என்று கேட்டதற்கு, "போடா, ஆட்டுக்குப் பின்னாடி ஓடுறது பத்தாதா?" என்று சிரித்தார். அந்த உடலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வேலை'. நெய்லரின் உடலும் அதே வேலையில்தான் உருவாயிற்று. ஆனால் அவருக்கு ஊரில் ஒரு திடலும், பெயரைக் குறித்துக்கொள்ள ஒருவரும் இருந்தார்கள்.

மூத்த இதயம் தாங்குமா என்று கேட்பது நியாயமே. உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு, முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. ஆனால் பயிற்சியை விடாதவரிடம் அந்த வேகம் மட்டுப்படுகிறது. ஏறுவது நுரையீரலுக்குச் சோதனை என்றால் இறங்குவது தொடைக்குச் சோதனை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்துகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலிக்கு அதுவே காரணம். அடிக்கடி இறங்கிப் பழகிய தசைக்கு அவ்வலி குறைவு. அத்துடன் எந்தக் கல் புரளும், எது தாங்கும் என்று அறிந்து காலை வைப்பது பழக்கத்தால் வரும் கல்வி. அதில் மூத்தவர் பின்தங்க வேண்டியதில்லை. பழக்கமில்லாமல் திடீரென்று ஓடுவதை நான் ஆதரிக்கவில்லை.

மூத்தவரை மதிப்பதில் இருவகை உண்டு. ஸ்காட்லாந்தில் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் ஓட்டத்தில், இரண்டு மணிக்குள் உச்சியை எட்டாதவர் எவ்வயதினராயினும் திருப்பி அனுப்பப்படுவர். நெய்லர் பெயரில், ஐம்பது நிறைந்தவர்க்கென்றே, 48 மைலும் 30 சிகரமும் கொண்ட ஒரு சவால் இருக்கிறது. அதில் ஐம்பத்தைந்துக்கு உட்பட்டவர்க்கு 12 மணி நேரம். அறுபத்தைந்தைக் கடந்தவர்க்கு 24 மணி நேரம். முன்னதில் கண்டிப்பு, பின்னதில் கனிவு. எனக்குப் பின்னதே பிடித்திருக்கிறது. நேரம்தான் நீள்கிறதே தவிர, மலையில் ஓர் அடியும் குறைக்கப்படவில்லை பாருங்கள்!

நாமோ மூன்றாவது வகையைக் கண்டுபிடித்திருக்கிறோம். விளையாட்டு விழாவில் ஆசிரியப் பெருமக்களுக்கு இசை நாற்காலி, அலுவலகத்தாருக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம். மாணவர்களாகிய நாம் கைகொட்டிச் சிரிக்கிறோம். மரியாதை என்ற பெயரில் அவர்களை ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறோம் என்றே நான் சொல்வேன்.

அடுத்த விழாவில் 1500 மீட்டர் ஓட்டம் ஒன்றை ஒரே விசிலில் அனைவருக்கும் வைக்கலாம். விருப்பமுள்ள ஆசிரியர்கள், அலுவலர்கள், இரவுக் காவலர், மாணவரின் பெற்றோர் எல்லோரும் ஓடட்டும். நாற்பது கடந்தவர்க்குத் தனிப் பட்டியல், தனிப் பரிசு. முன்பே இரண்டு மாதம் மாலையில் திடலைத் திறந்துவிட்டால் பயிற்சியும் ஆகும். முதலாண்டில் நான்கு பேர் வந்தாலும் போதும். என் தந்தையார் வருவாரா என்பது, அன்று அவருடைய ஆடுகளை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது.