அப்பாவின் மறதியும் அம்மா கேட்கும் குறட்டையும்

இருதய வருத்தம் உள்ள அப்பாவுக்கு மறதி வந்தால் "வயது போகிறதுதானே" என்று விட்டுவிடுகிறோம். அவர் இரவில் எப்படி நித்திரை கொள்கிறார் என்று கேட்பவர்கள் குறைவு.

இருதயம் பலவீனமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறது. 10 செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். மூளை திடுக்கிட்டு விழிக்கும். இரவு முழுவதும் இப்படி நடந்தாலும் காலையில் அவருக்கு அது தெரியாது. மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதையும் பார்க்க வேண்டும். இருதயக் குளிசை போட்டோமா என்பதே மறந்துபோவதுதான் எனக்குப் பெரிய பயம்.

என்னிடம் வரும் ஐயாமாருடன் மொழிபெயர்க்க மகனோ மகளோ வருவார்கள். "பகலில் தூங்கி வழிகிறாரா?" என்று கேட்டால் "இல்லை டொக்டர்" என்பார்கள். இருதயம் பலவீனமான பலருக்கு அந்த அறிகுறியே இருப்பதில்லை. குறட்டை திடீரென நின்று, பிறகு திணறி மூச்சு எடுப்பதைக் கேட்பவர் பக்கத்தில் படுக்கும் அம்மா. அவரையோ வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்! அடுத்தமுறை அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

மூச்சுக் கருவி மாரடைப்பைத் தடுக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு அப்படிக் காட்டவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அதுவே பெரிய விசயம். ஆனால் தாமாகக் கருவி வாங்க வேண்டாம்: ஒருவகைக் கருவி சில இருதய நோயாளருக்குக் கெடுதல் செய்தது 2015இல் தெரியவந்தது.

பார்மசியில் கேட்டு வாங்கும் நித்திரைக் குளிசையும் வயதானவர்களின் குழப்பத்தைக் கூட்டலாம். சலம் போகும் குளிசையை மாலையில் எடுப்பவர், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று தன் வைத்தியரிடம் கேட்கட்டும்.