பேனலில் இல்லாத மனநல மருத்துவர்: பணம் யார் தருவது?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சல் என்றால் யாருக்கும் குழப்பமில்லை. கம்பெனியின் பேனல் கிளினிக்குக்குப் போனால் பில் நேராக ஆபீசுக்குப் போய்விடும். மாதக்கணக்கில் தூக்கமில்லை, கொழுந்து பறிக்கும்போதே அழுகை முட்டுகிறது என்றால்தான் சிக்கல். பேனல் பட்டியலில் மனநல மருத்துவர் பெரும்பாலும் இருப்பதில்லை. "பேனல் இல்லையா, அப்போ சொந்தக் காசுதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது பாதிதான் உண்மை.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 60எஃப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. முதலாளி நியமித்த மருத்துவரிடம், முதலாளியின் செலவில், தொழிலாளி பரிசோதனை செய்துகொள்ளலாம். நோயின் தன்மையைப் பார்க்கும்போது அந்த மருத்துவரின் சேவை நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காது என்றால், பதிவு பெற்ற வேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவரிடமோ போகலாம். அவர் தரும் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சான்றும்) செல்லும். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஆனால் இந்தப் பிரிவு பேசுவது பரிசோதனையையும் சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் மட்டுமே. வாரா வாரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சைக்குக் கம்பெனி பணம் கட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. கவுன்சலர் மருத்துவர் அல்லர் என்பதால் அவர் கடிதம் எம்.சி. ஆகாது. மெடிக்கல் கார்டு இருந்தாலும் பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். மனநோய் பல பாலிசிகளில் அங்கேதான் கிடக்கும். தனியாரிடம் ஓர் அமர்வுக்கு 200 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு முறை போனால் 800 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. ஈப்போவுக்கு இறங்கி ஏறும் செலவும், போகும் நாளின் சம்பளமும் தனி.

ஆகவே மலேசியக் குடிமகனாக இருந்தால் முதலில் தட்ட வேண்டியது அரசு கிளினிக்கின் கதவை. அங்கே 1 வெள்ளி. அங்குள்ள டாக்டர் கடிதம் எழுதி அனுப்பினால் அரசு சிறப்பு மருத்துவரிடம் முதல் முறை இலவசம், அடுத்தடுத்து 5 வெள்ளி. தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் முதல் முறைக்கே 30 வெள்ளி. வித்தியாசம் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. டாக்டரிடம் "தலைவலி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பினால் அந்தத் தாள் கிடைக்காது. தூக்கம், அழுகை, சாக வேண்டும் என்ற நினைப்பு எல்லாவற்றையும் அப்படியே சொல்ல வேண்டும்.

இவ்வளவு மலிவான கதவு இருந்தும் நம் ஆட்கள் ஏன் ஒதுங்குகிறார்கள்? தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயர்தான். 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையின் பெயர் பஹாகியா என்று மாறிப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் லயத்தில் ஒருவரை மட்டம் தட்ட இன்றும் அந்த ஊர்ப் பெயர் போதும். பேனல் பில்லைக் கிராணி படித்துவிடுவாரோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. தெரியாத ஊரில், தெரியாத ஆளிடம், கடன் வாங்கியாவது போகிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்படிப் போவதென்றால் பணம் கட்டுமுன் கேளுங்கள்: கவுன்சலர் என்றால் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா? மருத்துவ உளவியலாளர் என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டா? ரசீதில் பெயரும் பதிவு எண்ணும் இருக்குமா? வருமான வரி கட்டுபவர்கள் தமக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ செய்த இந்தச் செலவை 1,000 வெள்ளி வரம்புள்ள கழிவில் காட்டலாம். பதிவு இல்லாதவரின் ரசீது அதற்கு உதவாது. தாங்கமுடியவில்லை என்றால், சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற எண் இருக்கிறது.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கேமரன் பகாங்கில் இருந்தாலும் பெரிய ஊர் என்றால் நமக்கு ஈப்போதான் பக்கம். அங்குள்ள மனநல மருத்துவர் ஒருவரைப் பேனலில் சேருங்கள். பில்லில் நோயின் பெயர் இல்லாமல் தொகை மட்டும் ஆபீசுக்கு வரட்டும்.