படை நடுங்கத் தேவையில்லை

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. ஆனால், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியிலுள்ள பாம்புக் கோயிலுக்குச் செல்லும் பொதுமக்கள் நடுங்குவதில்லை. அக்கோயிலில் நஞ்சுள்ள குழிவிரியன்கள் கிளைகளில் சுருண்டு கிடக்கின்றன. வருகையாளர்கள் அவற்றைத் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்புகின்றனர். அங்கே அவர்களைக் காப்பது துணிச்சல் அன்று. பாம்பின் இயல்பைப் பற்றிய அறிவே.

இதே அறிவு, கடல் கடந்து பணியாற்றும் படைவீரர்களுக்கு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. நம் நாட்டு வீரர்கள் 1960ஆம் ஆண்டில் காங்கோவுக்குச் சென்றது முதல் ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிகளில் பங்கேற்று வருகின்றனர். 1993ஆம் ஆண்டில் வறண்ட சோமாலியாவிலும் அவர்கள் பணியாற்றினர். மேற்குச் சகாராப் பாலைவனத்தில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் பணியிலும் மலேசிய அதிகாரிகள் ஈடுபட்டனர். ஜார்ஜ்டவுனின் ஈரக் கடற்காற்றில் வளர்ந்த ஓர் இளைஞர் அத்தகைய மணல்வெளிக்கு அனுப்பப்பட்டால், அங்குள்ள ஒவ்வோர் உயிரினமும் அவருக்குப் புதிதாகவே இருக்கும். எனவே, வீரர்களுக்குப் படைப்பயிற்சியோடு அந்நிலத்தின் விலங்குகளைப் பற்றிய கல்வியும் கட்டாயம் வழங்கப்பட வேண்டும்.

முதலாவதாக, அறியாமை வீண் அச்சத்தை வளர்க்கிறது. ஒட்டகச் சிலந்தியை இதற்குச் சான்றாகக் கூறலாம். அது மனிதரைத் துரத்தும், ஒட்டகத்தின் வயிற்றைத் தின்னும் என்றெல்லாம் ஈராக் போரின்போது வீரர்களிடையே கதைகள் பரவின. உண்மையில் அது சிலந்தியே அன்று. மனிதரைக் கொல்லும் நஞ்சும் அதற்கு இல்லை. வெயிலின் கொடுமை தாங்காமல் நிழலைத் தேடி ஓடும் அச்சிற்றுயிர், நடந்து செல்லும் மனிதரின் நிழலையும் பின்தொடர்கிறது. அதைத்தான் துரத்துவதாக எண்ணிப் பலர் அஞ்சினர்.

இரண்டாவதாக, அறியாமை உண்மையான ஆபத்தையும் மறைத்துவிடுகிறது. பாலைவனத் தேள்கள் பகலில் இருண்ட இடுக்குகளில் ஒளிந்திருக்கும். கழற்றி வைத்த காலணியும் அவற்றுக்கு ஓர் இடுக்கே. காலையில் காலணியை உதறிவிட்டு அணியும் எளிய பழக்கம் ஓர் உயிரைக் காக்கலாம். புறஊதா விளக்கொளியில் தேள் பசுமை கலந்த நீல நிறத்தில் ஒளிரும் என்பதை அறிந்தவர், இரவில் அதை எளிதில் கண்டுகொள்வார். சுருட்டை விரியன் தன் செதில்களை உரசி எழுப்பும் ஓசை, விலகிச் செல்லுமாறு விடுக்கும் எச்சரிக்கையாகும். அதை அறியாதவர் நெருங்கிச் சென்று கடிபடுவார். மருத்துவமனை பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் இடத்தில், அந்த ஒரு கடியே உயிரைப் பறிக்கக்கூடும்.

துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே பணியாற்றுவோர்க்கு விலங்குகளைப் பற்றிய பாடம் எதற்கு எனச் சிலர் வினவலாம். அமைதிப் படையின் பணி மக்களின் நம்பிக்கையைப் பெறுவதில்தான் தொடங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சோமாலிய மேய்ப்பர்களுக்கு ஒட்டகமே பாலும் இறைச்சியும் செல்வமும் ஆகும். ஓர் உயிருக்கு ஈடாகத் தரும் இழப்பீட்டையும் அவர்கள் மரபுப்படி ஒட்டகங்களாலேயே கணக்கிடுவர். ஆகவே, கவனமின்றி ஓட்டப்படும் வாகனம் ஓர் ஒட்டகத்தைக் கொன்றால், ஒரு குடும்பத்தின் வாழ்வே சரிந்துவிடும். அப்படையின் மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையும் சரியும்.

மேலும், படைக்கருவிகளால் மனிதர் மட்டுமே அழிவதில்லை. அரேபியப் பாலைவனத்தின் வெண்ணிற ஓரிக்ஸ் மான்கள் வாகனங்களில் துரத்தப்பட்டுத் துப்பாக்கிகளால் வேட்டையாடப்பட்டன. 1972ஆம் ஆண்டில் அவை காட்டில் முற்றாக அழிந்தன. உயிர்க்காட்சிச் சாலைகளில் எஞ்சியவற்றைப் பெருக்கி, 1982ஆம் ஆண்டில் ஓமான் நாட்டில் மீண்டும் விட்டனர். நெடுங்காலம் பாடுபட்டே அவ்விலங்கை அதன் நிலத்திற்குத் திருப்பி அனுப்ப முடிந்தது. கையில் துப்பாக்கி ஏந்தும் ஒவ்வொருவரும் மறக்கக்கூடாத பாடம் இது.

அயல்நாட்டில் பணியாற்றும் வீரர் அந்நாட்டு மக்களுக்கு மட்டுமின்றி, அங்கு வாழும் உயிர்களுக்கும் விருந்தினரே. விருந்துக்குச் சென்ற வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என அறிந்து நடப்பதே பண்பு. பினாங்கு மாணவர்கள் அப்பண்பைப் பாம்புக் கோயிலிலேயே பழகிக்கொள்ளலாம். அறிவு துணையிருந்தால், பாம்பைக் கண்டு படை நடுங்கவும் வேண்டியதில்லை. படையைக் கண்டு பாம்பு அழியவும் வேண்டியதில்லை.