கேஸ் போட்டால் தீருமா கோளாறு?



"கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டா சரியாயிடும்." ஏ.சி. பழுது பார்க்கும் தொழிலில் இதுதான் தினசரி மந்திரம். குளிரவில்லையா, கேஸ். தண்ணீர் ஒழுகுதா, கேஸ். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்து போயிருந்தாலும் கேஸ்தான்! சிரிக்காதீர்கள். போன டிசம்பர் செமஸ்டர் விடுமுறையில் பயிற்சிக்குப் போன இடத்தில் அதே மந்திரத்தை நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு நின்றேன். அந்த வெட்கம்தான் இன்று என்னை எழுத வைக்கிறது.

கோவையில் ஒரு சர்வீஸ் கடையில் எனக்குப் பயிற்சி. ஒருநாள் சீனியர் மெக்கானிக் அண்ணனோடு ஊட்டிக்குப் புறப்பட்டேன். காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்து வெள்ளையாகக் கிடக்கும் மாதம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. அவருடைய மனைவிக்கு மூட்டுவலி. குளிர் தாங்காது என்று 'ஹாட் அண்டு கோல்டு' ஸ்பிளிட் ஏ.சி. ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

மற்ற துறை நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த மெஷின் ஹீட்டரைப் போலக் கம்பியைச் சூடாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து வந்து அறைக்குள் விடுகிறது. ஒரு யூனிட் கரண்ட் செலவழித்தால், நல்ல நிலையில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கோடையில் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதும், குளிர்காலத்தில் வெளி வெப்பத்தை உள்ளே கொண்டு வருவதும் அதே கம்ப்ரசர்தான், அதே கேஸ்தான். கேஸ் ஓடும் திசையை மட்டும் ஒரு நான்கு வழி வால்வு மாற்றி விடுகிறது.

அந்த அம்மா இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். "ரெண்டு வருஷமா பனிக்காலம் வந்தா கேஸ் போடறாங்க தம்பி. காசுதான் போகுது, சூடு வரமாட்டேங்குது" என்றார் சார். முன்பு வந்தவர்கள் வேறு ஆட்கள்.

அண்ணன் மெஷினை ஹீட் மோடில் ஓடவிட்டு, கேஜை மாட்டச் சொன்னார். முள் 100 பி.எஸ்.ஐ.க்கும் கீழே நின்றது. உள்ளே இருந்தது ஆர்-410ஏ. ஹீட் மோடில் அந்த இடத்தில் 300க்கு மேல் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். உடனே மேதாவி மாதிரி, "கேஸ் கம்மிண்ணே!" என்றேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பெரிய குழாயைத் தொட்டுப் பாரு தம்பி" என்றார். தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது! அவுட்டோர் ஃபேன் முன்னால் கையை நீட்டச் சொன்னார். அங்கே வெதுவெதுப்பான காற்று. "இப்ப சொல்லு, மெஷின் என்ன பண்ணுது?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரிமோட் 'ஹீட்' என்று சொல்கிறது. மெஷினோ கூலிங் மோடில் ஓடிக்கொண்டிருக்கிறது! ஊட்டிக் குளிரில் வீட்டிலிருந்த கொஞ்ச நஞ்ச வெப்பத்தையும் வெளியே அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. காயில் சூடானால்தான் இண்டோர் ஃபேன் சுற்றும். இங்கே காயில் சூடாகவே இல்லை, அதனால் ஃபேனும் சுற்றவில்லை. யாருக்கும் குளிர்காற்று தெரியவுமில்லை. கூலிங்கில் அந்தக் குழாய் லோ பிரஷர் பக்கம். அறையும் ஜில்லென்று இருந்தால் முள் இன்னும் இறங்கத்தானே செய்யும்? கேஸ் குறைந்திருந்தால் சூடு குறைவாக வந்திருக்கும். குழாய் ஐஸாக இருக்காது.

மல்ட்டிமீட்டரை எடுத்தோம். ஹீட் மோடில் வால்வு காயிலுக்கு 230 வோல்ட் வருகிறது. மெயினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி ரெசிஸ்டன்ஸ் பார்த்தால் ஓப்பன். காயில் எரிந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்! இரண்டு வருஷமாகக் கேஸ் போட்ட காசில் எத்தனையோ காயில் வாங்கியிருக்கலாம். புதுக் காயில் மாட்டியதும் வால்வு 'புஸ்'ஸென்று திரும்பியது. பிறகுதான் அடுத்த வேலை. முன்பு அடைத்திருந்த கேஸ் எவ்வளவென்று யாருக்குத் தெரியும்? அதை ரிக்கவரி சிலிண்டரில் எடுத்து, வேக்கம் போட்டு, நேம் பிளேட்டில் உள்ள கிராம் கணக்குக்கு எடை போட்டு ஏற்றினோம். அந்த அம்மா சால்வையை எடுத்து மடித்து வைத்ததைப் பார்த்தபோது, செமஸ்டரில் சென்டம் வாங்கியிருந்தால்கூட அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டேன்.

நண்பர்களே! கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே மேலே கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். கசிகிற ஒரு கிலோ ஆர்-410ஏ, நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இப்போது பரவலாகிவிட்ட ஆர்-32 அந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அது தீப்பற்றக் கூடியது. கண்ணை மூடிக்கொண்டு அடைக்கிற வேலைக்கு இனி இடமில்லை.

மெக்கானிக்குகளை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. "என்னப்பா, தொட்டுப் பார்த்ததுக்கா காசு?" என்று கேட்பது நாம்தான். சிலிண்டரைத் தூக்கி வந்தால்தான் வேலை நடந்ததாக நம்புகிறோம். கோளாறைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கு விலை கொடுக்காத ஊரில், கேஸுக்குத்தான் பில் போடுவார்கள். நாளை நம் கையிலும் குடும்ப பாரம் இருக்கும், அதே ஆசை நமக்கும் வரும். ஆகவே 'பார்வைக் கட்டணம்' என்று தனியே வாங்கும் துணிச்சலும், கேஸ் தேவையில்லை என்றால் தேவையில்லை என்று சொல்லும் நேர்மையும் நமக்கு இப்போதே பழக வேண்டும்.

நம் லேபையும் கேட்கிறேன். ஓடுகிற மெஷினில் ரீடிங் எடுத்து, சி.ஓ.பி. கணக்குப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். ஓடாத மெஷினை என்றைக்காவது நம் கையில் கொடுத்தார்களா? மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பழைய ஸ்பிளிட் ஏ.சி. ஒன்றை வாங்கி லேபில் மாட்டுவோம். கெபாசிட்டரைக் கெட்டதாக மாற்றியோ, ஃபில்டரை அடைத்தோ, வால்வு காயில் கனெக்டரைக் கழற்றியோ ஆசிரியர் ரகசியமாக ஒரு கோளாறு வைக்கட்டும். நாம் கண்டுபிடிப்போம். முதலில் ஃபில்டர், அடுத்து வோல்டேஜ், கெபாசிட்டர், பிறகு கையும் தெர்மாமீட்டரும். கேஜ் கடைசியில்தான்!

டிப்ளமோ என்பது சிலிண்டர் தூக்குவதற்கான லைசென்ஸ் அல்ல, யோசிப்பதற்கான பயிற்சி. அடுத்த முறை "கேஸ் கம்மி" என்று வாய் திறக்கும் முன், ஒரு நிமிடம் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள் நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை