2021ஐக் காட்டிப் பயமுறுத்தாதீங்க

கிருமிநாசினியைக் குறைக்க வேணும்னு யார் வாய் திறந்தாலும் உடனே ஒரு பதில் வருது: "அதுதான் 2021ல பார்த்தோமே." அதோட பேச்சு முடிஞ்சுது. தம்புள்ளை, கலேவெலப் பக்கம் தோட்டம் செய்றவங்க அப்படிச் சொன்னா நியாயம் இருக்கு. அடி வாங்கினவங்க அவங்கதான். ஆனா ஒரு நாளும் வயலில் கால் வைக்காத நம்ம நண்பர்களும் பேஸ்புக்கில் அதையே சொல்லும்போது எரிச்சல் வருது. 2021இல் இயற்கை விவசாயம் தோற்கவில்லை. அது நடக்கவே இல்லை.

நடந்தது என்ன? 2021 மே 6இல் ஒரு வர்த்தமானி. இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை. நவம்பரில் அதே அரசாங்கம் தடையை நீக்கியது. ஏழு மாதம்கூட முழுசா ஆகவில்லை. மண்ணில் சேதனப் பொருள் சேரவே பல போகங்கள் எடுக்கும். டொலர் தட்டுப்பாட்டுக்குப் பச்சை வர்ணம் பூசினாங்க, அவ்வளவுதான். இதில் பெரிய பகிடி, சேதனப் பசளையையும் சீனாவில் இருந்து கப்பலில் கொண்டுவரப் பார்த்தது. மாதிரியில் எர்வினியா பக்டீரியா இருக்குன்னு இங்கே ஏற்க மறுத்தார்கள். கடைசியில் மக்கள் வங்கி 60 இலட்சம் டொலருக்கும் மேல் கட்டியது. வராத பசளைக்கு!

ஆனா என்னோட முக்கியமான கோபம் அது இல்லை. பசளையையும் கிருமிநாசினியையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான். பசளை பயிரின் சாப்பாடு. திடீர்னு நிறுத்தினா விளைச்சல் விழும், அதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. கிருமிநாசினி கதை வேற. அது பயிருக்கு எதையும் கொடுப்பதில்லை. வயலில் யார் யாரைச் சாப்பிடுறாங்க என்ற வலையை அறுக்குது.

நெல்லில் கபிலத் தத்தியை எடுத்துக்கொள்ளுங்க. அது முட்டையிடுவது தாளுக்குள்ளே. மருந்து அடிச்சா வெளியே திரியிற சிலந்திகளும், தத்தியின் முட்டையைக் குடிக்கிற சின்ன மூட்டுப்பூச்சிகளும் முதலில் சாகும். முட்டை தப்பிக்கும். சில நாளில் அது பொரிக்கும்போது வயலில் எதிரியே இல்லை. தத்தி வேகமாப் பெருகும், சிலந்தி மெதுவாகத்தான் திரும்பி வரும். உடனே இரண்டாம் தடவை அடி, மூன்றாம் தடவை அடி. நோயையும் மருந்தையும் ஒரே போத்தலில் விற்கிற வியாபாரம் இது.

இது கற்பனை இல்லை. இந்தோனேசியாவில் தத்தி நெல்லை அழித்தபோது, 1986இல் சுகார்த்தோ அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கிற 57 வகைக் கிருமிநாசினிகளைத் தடை செய்தது. சுகார்த்தோ நல்லவர்னு சொல்ல வரலை. ஆனா அங்கே பசளையில் கை வைக்கவில்லை. தடையோடு நிற்காமல் விவசாயிகளை வயலிலேயே உட்கார வைத்து, எது எதிரி, எது நண்பன்னு எண்ணிப் பார்க்கப் பழக்கினார்கள். விளைச்சல் விழவில்லை. 2021ஐ மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு 1986 ஏன் தெரியாது?

மாத்தளைக்காரருக்கு இதில் இன்னொரு பொறுப்பும் இருக்கு. போவதென்னவில் இருந்து சுரங்கம் வழியாகத் திரும்பும் மகாவலித் தண்ணீர் நம்ம மாவட்டத்தைக் கடந்துதான் கலாவெவக்கும், அங்கிருந்து அனுராதபுரத்துக்கும் போகுது. நம்ம தோட்டத்தில் மிஞ்சும் பொஸ்பேட்டும் மழையோடு அதே பக்கம்தான். குளத்தில் பாசி பெருகும். அது அழுகும்போது தண்ணீரின் ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். விடியப்புறம் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

பழைய குளங்களைக் கட்டினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு. குளத்துக்கு மேலே புல்வெளி வைத்து வண்டலை வடிகட்டினாங்க, சிங்களத்தில் பெரஹன. கட்டுக்குக் கீழே உப்பை உறிஞ்ச மரஞ்செடிக் காடு, அது கட்டக்கடுவ. 2017இல் எஃப்.ஏ.ஓ. இந்தத் தொடர்குள முறையை உலக விவசாய மரபுரிமையாக அறிவித்தபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டுக்கொண்டே அந்தப் புல்வெளியையும் உழுது விதைக்கிறோம்.

விவசாயியைத் திட்டுறது சுலபம். கடன் வாங்கிப் போட்ட வெங்காயத்தில் ஒரு புழுவைப் பார்த்தா யாருக்கும் கை நடுங்கும். ஆலோசனை கேட்க அவருக்கு இருப்பது மருந்துக் கடைக்காரர் மட்டும்தான். விற்கிறவரே வைத்தியர் என்றால் சீட்டில் என்ன எழுதுவார்?

அதனால் "முழு இயற்கை" கோஷமும் வேண்டாம், "மருந்தில்லாமல் முடியாது" என்ற பல்லவியும் வேண்டாம். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்துக்கும் போதுமான விவசாயப் போதனாசிரியர்களைப் போடுங்க. அவர்கள் கந்தோரில் படிவம் நிரப்பாமல் வயலில் நின்று சிலந்தியையும் தத்தியையும் எண்ணிக் காட்டட்டும். மருந்தைக் குறைத்த போகத்தில் நட்டம் வந்தால் காப்புறுதி கொடுங்க. இதை நான்கு போகம் செய்து பாருங்க. அதிலும் விளைச்சல் விழுந்தால் அப்புறம் வந்து 2021 கதை சொல்லுங்க, கேட்கிறோம்.