அரபு எழுத்தணியை நம் பிள்ளைகள் ஏன் கற்கக் கூடாது?

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஓவிய வகுப்பில் இஸ்லாமியக் கலையின் அடிப்படைகளையும் அரபு எழுத்தணியையும் சொல்லிக்கொடுக்கலாமே என்று பேச்செடுத்தால், வரும் எதிர்ப்புகள் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. உருவம் வரையத் தடை இருந்ததால் வேறு வழியின்றி வளர்ந்த வெறும் அலங்காரம் அது, அரபு தெரியாதவர்களுக்கு வராது, மதப் பாடம், இந்த வயதில் அதற்குப் பொறுமை கிடையாது, கணினியில் எழுத்துரு இருக்கும்போது கை எதற்கு? கலையை நேசிப்பவர்களும் முஸ்லிம் பெற்றோர் சிலருமே இவற்றைச் சொல்கிறார்கள். இவற்றில் எதுவும் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

உருவத் தடையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதியிலும் மனித, விலங்கு உருவங்கள் இரா என்பது உண்மை. அதை முழு இஸ்லாமிய உலகத்துக்கும் நீட்டுவதுதான் பிழை. ஜோர்டான் பாலைவனத்தில் உமையா கலீஃபா மரபினர் 8ஆம் நூற்றாண்டில் கட்டிய குசைர் அம்ரா மாளிகையின் சுவர்களில் வேட்டைக்காட்சிகளும் இசைப்பவர்களும் குளிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அல்ஹரீரியின் ‘மகாமாத்’ நூலுக்கு 1237இல் அல்வாசித்தி வரைந்த ஓவியங்களில் அக்காலத்து மக்களும் ஒட்டகங்களும் நூலகமும் உண்டு. அந்தப் பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஈரானின் ஷா தஹ்மாஸ்புக்காக உருவான ‘ஷாநாமா’ காவியப் பிரதியில் 258 ஓவியங்கள். ஜஹாங்கீரின் அவையில் மன்சூர் வரைந்த பறவைகளை நம் நாட்டிலேயே பேசுகிறோம். உருவம் தீட்டத் தெரியாமலோ, தீட்ட வழியில்லாமலோ எழுத்துக்குப் போனவர்கள் அல்லர் இவர்கள். தடைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இறைவசனத்தை எழுதும் கை அதற்குத் தகுந்த வடிவத்தைத் தேடியதே பெரிய காரணம். ஜெருசலேமில் 691–92இல் எழுந்த பாறைக் குவிமாடத்தின் உள்ளே மொசைக்கில் ஓடும் எழுத்துப் பட்டை ஏறத்தாழ 240 மீட்டர் நீளம். வேறு வழியில்லாமல் யாரும் அத்தனை நீளத்துக்கு எழுதமாட்டார்கள்.

‘வெறும் அலங்காரம்’ என்ற சொல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. இது அடிமுதல் நுனிவரை அளவின் கலை. 10ஆம் நூற்றாண்டு பாக்தாதில் இப்னு முக்லா என்பவர் மூன்று கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்தார். அரசியல் பகையில் வலது கையை இழந்து 940இல் சிறையில் இறந்தார். அவர் பெயரால் வழங்கும் விகித முறைதான் இன்றுவரை எழுத்தணியின் அடித்தளம். சாய்வாக வெட்டிய நாணல் பேனாவைத் தாளில் வைத்துச் சற்றே இழுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். நேர்கோடாக நிற்கும் முதல் எழுத்தான அலிஃப் எத்தனை புள்ளி உயரம் என்பது முதலில் முடிவாகும்; நஸ்க் என்ற எழுத்து வகையில் பொதுவாக ஐந்து, சுலுஸ் வகையில் ஏழு. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தை வைத்து மற்ற எழுத்துகளின் வளைவுகள் அளவிடப்படும். பேனாவின் முனை அகன்றால் எழுத்து பெரிதாகும், விகிதம் மாறாது. கணக்குப் பாடத்தில் விகிதசமம் என்று படித்ததை ஒரு பிள்ளை தன் கையால் எழுதிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வடிவக்கோலங்களுக்கும் இதே கதைதான். வட்டம் போட்டு, கவராயத்தின் ஆரத்தை மாற்றாமல் அதன் விளிம்பிலேயே நகர்த்திக்கொண்டு போனால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்தால் ஆறுமுனை நட்சத்திரம். இரண்டு சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக 45 பாகை திருப்பி வைத்தால் எட்டுமுனை நட்சத்திரம். கிரனடாவின் அல்ஹம்ராவிலும் இஸ்தான்புல்லின் தொப்காப்பி அரண்மனையில் உள்ள 114 வரைவுகள் கொண்ட சுருளிலும் காண்பவை இப்படி எளிய அடிகளிலிருந்து கிளைத்தவை. பத்தாம் நூற்றாண்டுக் கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி கைவினைஞர்களுக்காகவே வடிவியல் நூல் ஒன்றை எழுதினார். இஸ்ஃபஹானில் 1453ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்பே இமாம் கட்டடத்தின் ஓட்டு வேலைப்பாடு, கணித அறிஞர் பென்ரோஸ் 1970களில் கண்டறிந்த அடுக்கமைப்புக்கு மிக நெருங்கியது என்று பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். பிள்ளைகள் படிகளை மனப்பாடம் செய்து, வரைந்து, தேர்வோடு கவராயத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். அந்தக் கவராயம் எவ்வளவு தூரம் போகும் என்று ஒருமுறையாவது அவர்களுக்குக் காட்ட வேண்டாமா?

அரபு தெரியாமல் எப்படி என்கிறார்கள். அரபு எழுத்துகள் 28. மேலும் கீழும் இடும் புள்ளிகளை நீக்கிவிட்டால் மிஞ்சும் அடிப்படை வடிவங்கள் இருபதுக்கும் குறைவு. உஸ்மானிய ஆசான்களின் வீட்டுமொழி துருக்கி. நஸ்தாலிக் வகைக்கு வடிவம் தந்தவராகச் சொல்லப்படும் மீர் அலி, ஈரானின் தப்ரீஸ்காரர். சீன முஸ்லிம்கள் தங்களுக்கென்று சீனி என்ற ஒரு பாணியையே உருவாக்கிக்கொண்டார்கள். ஹைதராபாத்தில் கடைப் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருந்த அனில் குமார் சௌஹான், அரபு எழுத்திலிருந்து வந்த உருது எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே பழகி, பின்னர் பள்ளிவாசல் சுவர்களில் குர்ஆன் வசனம் எழுதும் அளவுக்கு உயர்ந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளேட்டைக் காத்திபுகள் எனும் எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதினார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் எழுத்துகளையும் அமைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்து நமக்கு அந்நியம் என்று சொல்பவர் நம் கடற்கரை ஊர்களின் வரலாற்றைப் பார்க்கவில்லை.

மதப் பாடம் என்ற அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். பள்ளி எல்லாருக்கும் பொது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையும் அஜந்தா ஓவியங்களையும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் பாடத்தில் படிக்கிறார்கள்; அதனால் யாருடைய நம்பிக்கையும் கலையவில்லை. சிசிலியின் கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1133–34இல் பலெர்மோவில் நெய்த மேலங்கியின் ஓரம் முழுவதும் கூஃபி என்ற அரபு எழுத்து வகை ஓடுகிறது. பிற்காலத்தில் புனித ரோமப் பேரரசர்களே முடிசூட்டு விழாவில் அதை அணிந்தார்கள். வகுப்பில் செய்ய வேண்டியதும் சிக்கலானதல்ல. தனி எழுத்துகள், மாணவர்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறைவசனம் எழுதிய பயிற்சித்தாளைக் கசக்கி எறிய முடியாது. அதனாலும் தொடக்கநிலைக்கு அது பொருந்தாது. எந்தச் சொல்லை எழுதினாலும் அதன் பொருளைச் சொல்லிவிட்டு எழுதவையுங்கள். ஓதத் தெரிந்தால் போதும், எழுத்தை அழகுபடுத்துவது வீண் வேலை என்கிற முஸ்லிம் பெற்றோருக்கும் ஒரு சொல்: குர்ஆன் பிரதிகளை உங்கள் முன்னோர் எவ்வளவு அழகாக எழுதிவைத்தார்கள் என்பதை உங்கள் பிள்ளை அறியட்டும்.

பொறுமை இல்லை என்பது பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடும் பேச்சு. உஸ்மானிய எழுத்தணி ஆசான் ஹாஃபிஸ் உஸ்மான் தன் ஆசிரியரிடம் இஜாஸா என்ற தகுதிச் சான்று பெற்றது 18 வயதில். 1780இல் பிறந்த எஸ்மா இப்ரத் என்ற பெண், நபியின் தோற்றத்தையும் பண்பையும் சொல்லும் ஹில்யாவை 15 வயதிலேயே எழுதினார். எல்லாரும் அப்படி ஆக வேண்டியதில்லை. இரண்டு பென்சில்களை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், முதல் பாடவேளையிலேயே தடிப்பும் மெலிவும் கொண்ட எழுத்து விழும். அதைக் கண்ட பிள்ளை அடுத்த தாளைத் தானே கேட்கும்.

கணினி வாதத்துக்கு ஒரே சான்று போதும். உருது நாளேடுகளைக் கணினியில் அச்சிட வழிவகுத்த நூரி நஸ்தாலிக், 1981இல் மிர்ஸா அகமது ஜமீல் கையால் எழுதிய ஏறத்தாழ 20,000 இணைப்பெழுத்துகளின் மேல் நிற்கிறது. கை அறிந்ததைத்தான் இயந்திரம் செய்கிறது.

ஓவிய ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வரும் கோடை விடுமுறையில் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். கவராயம், அளவுகோல், சாய்வாக வெட்டிய நாணல் அல்லது மூங்கில் குச்சி, கறுப்பு மை, வழுவழுப்பான தாள் இருந்தால் போதும். முதல் இரண்டு நாள் நட்சத்திரங்கள், பிறகு புள்ளியும் அலிஃபும். எழுத்துக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் ஊர் உருது ஆசிரியரையோ மத்ரஸா உஸ்தாதையோ போய்க் கேளுங்கள்.