பல்பு எரியுமா என்று கேட்டவர்களுக்கு

கொளவாய் ஏரிப் பக்கம் காலையில் நடக்கும் எங்கள் கோஷ்டியில் போன வாரம் ஒரு பேச்சு. எங்கள் தெருப் பெண் ஒருத்தி ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்கிறாள். மூலக்கூறுகளிலேயே பிளக், சாக்கெட் செய்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

"கண்ணுக்கே தெரியாத பிளக்காம் சார்! அதுல பல்பு எரியுமா? நீங்க சொன்னா கேப்பா, கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி விடுங்க" என்றார் அவள் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்வாரியத்தில் காலம் தள்ளியவன் நான். பிளக் என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம், ஏன் தடிமன்? நீளமாக இருப்பதால் முதலில் தொடும், கடைசியில் விடும். தடிமனாக இருப்பதால் லைன் துளையில் தவறிக்கூட நுழையாது. வடிவம்தான் அங்கே காவல்காரன்.

அதே யோசனைதான் அந்த மூலக்கூறிலும். இத்தாலியில் பொலோனாவைச் சேர்ந்த பால்சானி குழுவும், அமெரிக்காவிலிருந்த ஸ்டாடர்ட் குழுவும் சேர்ந்து 2006, 2007 வாக்கில் வெளியிட்ட வேலை அது. கிரவுன் ஈதர் என்ற வளையம்தான் சாக்கெட். அதற்குள் நுழையும் அமோனியம் முனைதான் பிளக். இரண்டையும் ஒரே கரைசலில் விட்டால் போதும், யாரும் சொருக வேண்டாம். மூலக்கூறுகள் ஓயாமல் முட்டி மோதிக்கொண்டிருக்கும். பொருத்தமான வளையம் கிடைத்ததும் ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்துக்கொள்ளும். காரம் சேர்த்தால் கழன்றுவிடும். அமிலம் சேர்த்தால் மறுபடி மாட்டிக்கொள்ளும். ஒளி பட்டதும் அந்த இணைப்பு வழியே எலெக்ட்ரான் நகர்வதையும் அளந்து காட்டினார்கள்.

பல்பு எரியாது. ஒப்புக்கொள்கிறேன். கடையிலும் கிடைக்காது. அதனால் வீண் என்கிறீர்களா?

அந்த வளையத்தின் கதையைக் கேளுங்கள். டியூபான்ட் கம்பெனியில் பெடர்சன் என்றொரு வேதியியலாளர். டாக்டர் பட்டம் இல்லாதவர். வேறு எதையோ செய்யப்போய், பாத்திரத்தில் துளியூண்டு வெள்ளைப் படிகம் மிஞ்சியது. கழுவி ஊற்றியிருக்கலாம். அவர் ஊற்றவில்லை. அது என்னவென்று பார்த்து 1967-ல் எழுதினார், 1969-ல் ரிட்டையர் ஆனார். 1987-ல், 83 வயதில், நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். "என்ன பிரயோஜனம்?" என்று அன்றைக்கே கேட்டு மூடியிருந்தால் வளையமும் இல்லை, சாக்கெட்டும் இல்லை.

இத்தாலிக்குக்கூடப் போக வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. அங்கே எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து மறுசுத்திகரிப்பு செய்கிறார்கள். அந்தக் குழம்பிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மட்டும் பொறுக்கி எடுப்பது ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற மூலக்கூறு. யுரேனியம் என்றால் இரண்டு மூலக்கூறுகள் தாமாகவே வந்து பற்றிக்கொள்ளும். அமிலத்தின் வீரியத்தைக் குறைத்தால் விட்டுவிடும். பிடிப்பதும் விடுவதும் அதே கணக்கில்தான். சிரித்த கூட்டத்தில் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பரும் இருந்தார் என்பதுதான் என் வருத்தம்.

வேலை கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. வெறும் பி.எஸ்ஸி.யோடு நின்றால் கஷ்டம்தான். அதை அவளிடம் சொல்லுங்கள். மேலே எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி என்று ஏழெட்டு வருஷம் ஆகும், தாங்குவாயா என்று கேளுங்கள். தாங்குவேன் என்றால் கூட நில்லுங்கள். ஆனால் பதினேழு வயதில் ஒரு பெண் கண் மின்னச் சொல்வதைக் கேட்டு ஆறு கிழவர்கள் சிரிப்பதற்குப் பெயர் அறிவுரை அல்ல.

அவள் அப்பாவுக்கு என் பதில் இதுதான்: அவளைத் திருப்பிவிட நான் வர மாட்டேன். விண்ணப்பம் போட வேண்டுமானால் கூப்பிடுங்கள், வருகிறேன்.